சுமந்தவருக்கே சொந்தம்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஊராரை மேலே ஏற்றி இறக்குகிறவன் என்பதாலோ என்னவோ, குடும்பத்திலும் யார் எங்கே ஏறலாம் என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அவன் போட்ட மலையேற்றத் திட்டத்தில் என் பெயர் இல்லை. ஆனால் திட்டம் முழுக்க என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் தீட்டப்பட்டது. அதுவும் நான் துடைத்துக் கொடுத்த மேசையில்.

சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நடக்க வேண்டும். மலை முதுகில் ஏறி இறங்கினால் அந்தப் பக்கம் ஒரு ஏரி. அங்கே கூடாரம் போட்டுத் தங்கி ட்ரவுட் மீன் பிடிப்பது என்பது திட்டம். புழுவைக் குத்திப் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிற மீன்பிடிப்பு இல்லை இது. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈயைக் கொக்கியில் கட்டி, நூலைச் சாட்டை மாதிரி வீசி, நிஜ ஈயே வந்து உட்கார்ந்ததுபோல் தண்ணீர்மேல் விழவைக்க வேண்டும். மீன் ஏமாந்து வாயைத் திறந்தால் ஜெயித்தோம். ஒரு மீனை ஏமாற்ற இத்தனை பாடா என்று முதலில் சிரித்தேன். பிறகு எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

பிடிக்காமல் என்ன செய்யும்? அந்த ஈக்களைக் கட்டியதே நான்தானே. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கழன்ற திருகை முடுக்குவது, கோணிய ஃப்ரேமை நிமிர்த்துவது எல்லாம் என் வேலை. என் மேசையில் பூதக்கண்ணாடி விளக்கும் ஊசிமுனை இடுக்கியும் எப்போதும் இருக்கும். அண்ணன் ஒருநாள் இறகுப் பொட்டலத்தோடு கடைக்கு வந்து, "பொடிசு, உனக்குத்தான் கை நடுங்காது. இதைக் கொஞ்சம் கட்டிக் குடு" என்றான். எனக்கு வயது நாற்பத்து மூன்று. அவனுக்கு நான் இன்னும் பொடிசுதான்.

கட்டினால் மட்டும் போதுமா, ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க வேண்டாமா? என் வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போனதும் அவருடைய தூண்டிலைக் கடைக்கு எடுத்துப்போவேன். கடையைச் சாத்திய பிறகு, கண் பரிசோதனை செய்கிற அந்த நீள அறையில் நின்று வீசுவேன். கொக்கி முனையை நறுக்கிவிட்ட ஈதான், யார் கண்ணும் போகாது. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை தொங்கும். ஆரம்பத்தில் மேல் வரிசைப் பெரிய எழுத்தில்கூடப் படவில்லை, மின்விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது. போகப் போகக் கடைசி வரிப் பொடி எழுத்திலேயே ஈயை உட்கார வைக்கக் கற்றுக்கொண்டேன். முதலாளியம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். தொலைந்தோம் என்று நின்றேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கடைசி வரி, இடது பக்கத்துலேருந்து மூணாவது எழுத்து. எங்கே, வீசு பாப்போம்" என்றார்.

அந்த ஏரியில் ஒரே ஒரு தரம் நானும் வீச வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை விரித்து வைத்திருந்தபோது கேட்டேவிட்டேன். "அண்ணே, நானும் வரேன்."

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ எதுக்கு? அங்க எல்லாம் கல்லும் செங்குத்தும். நாங்க போட்டோ அனுப்பறோம், நீ வேடிக்கை பாரு."

வேடிக்கை பாரு! பிறந்ததிலிருந்து அவனிடம் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். அவன் சைக்கிள் ஓட்டினால் நான் வேடிக்கை, அவன் ரேடியோவைப் பிரித்தால் நான் வேடிக்கை. பிரித்ததை மறுபடி மாட்ட மட்டும் என்னைக் கூப்பிடுவான்.

எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர். இருநூறு பேருக்கு உப்புப் போடத் தெரியும், இரண்டு பேருக்குத் தெரியாது. மலைக்கு எடுத்துப்போக அவர் பொட்டலம் கட்டிய மளிகையை வைத்து ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம். ராசியான மரக்கரண்டி ஒன்று வைத்திருக்கிறார், அது இல்லாமல் எங்கேயும் சமைக்க மாட்டார். மற்றபடி தங்கமான மனுஷன். என்ன, மச்சானைக் கண்டால் மட்டும் ஜால்ரா.

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அன்று அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

அண்ணன் மேசையைத் தட்டினான். "மாப்பிள்ளை, ஒரு சட்டம். அவனவன் பொருளை அவனவன் சுமக்கணும். மலையில கடன் கிடையாது. சுமந்தவருக்கே சொந்தம்." இது என் வீட்டுக்காரரை மனதில் வைத்துப் போட்ட சட்டம். போன தடவை பூங்காவுக்குப் போனபோது அண்ணனுடைய தண்ணீரை மொத்தமாகக் குடித்து, அவனுடைய பிஸ்கட்டையும் தின்று தீர்த்தவர் இவர். தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

"அடுத்தது லோடு டெஸ்ட்" என்றான் அண்ணன். புது லிஃப்டில் ஆளை ஏற்றுவதற்கு முன் இரும்பை ஏற்றிப் பார்ப்பார்களாம். பலகையில் எழுதியிருக்கிற எடையைவிடக் கால் பங்கு அதிகமாக ஏற்றி, தாங்கினால்தான் மனுஷன் ஏறலாமாம். "மனுஷனுக்கும் அதேதான். மலையில சுமக்கப் போறதைவிடக் கால் பங்கு கூட வெச்சுக்கிட்டு மொட்டைமாடி வரைக்கும் படியேறணும். ஏற முடியாதவங்க வீட்டிலேயே இருக்கலாம்."

"அப்போ நானும் ஏறறேன்" என்றேன். "ஏறிட்டா கூட்டிட்டுப் போகணும். பேச்சு மாறக்கூடாது."

அவன் சிரித்தான். "ஏறு, பாப்போம்."

நாங்கள் எல்லாரும் ஒரே கட்டடம். என் வீடு தரைத்தளம், அண்ணன் வீடு கடைசி மாடி, அதற்கும் மேலே மொட்டைமாடி. சோதனை நாளன்று யாரும் ஏமாற்றக்கூடாது என்று லிஃப்டை நிறுத்தி, 'பழுது' என்று பலகை வேறு மாட்டிவிட்டான். ஐந்தாம் மாடி டீச்சரம்மா காய்கறிப் பையோடு வந்து பலகையைப் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். "லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற வீட்டிலேயே லிஃப்ட் ரிப்பேரா? விளங்கிடும்!" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

எங்களுக்கு முதுகுப்பையில் தட்டுத் தட்டாக இரும்பை அடுக்கிக் கொடுத்தான். தன் பையை மட்டும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தான். அது எங்கள் பையைவிடப் பெரிது. "தலைவன்னா கூடத்தான் சுமக்கணும்" என்றான்.

ஏறினோம். அண்ணன் முன்னால் விசிலடித்துக்கொண்டே போனான். விசில்! எனக்கு மூச்சே போதவில்லை, தொடை இரண்டும் எரிகிறது, இவனுக்கு விசில் கேட்கிறதா என்று வயிறு எரிந்தது. நான்காம் மாடியில் என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து, "நீ போம்மா, நான் பின்னாடியே வரேன்" என்று கையசைத்தார். போகிற உயிர் மாடியிலேயே போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி முடித்தேன்.

மொட்டைமாடியில் அண்ணன் பையை இறக்கி வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அப்போது ஒரு காற்று வீசியது. கொடியில் கிடந்த துணிகள் படபடத்தன. அண்ணனுடைய பை சாய்ந்தது. சாய்ந்து, உருண்டு, மாடியின் அந்தக் கோடிக்குக் கிளம்பிவிட்டது.

காலை நீட்டித் தடுத்தேன். ஒரு விரலால் தூக்கிப் பார்த்தேன். வந்தது! ஜிப்பைக் கொஞ்சம் திறந்தேன். உள்ளே ரோஜாப்பூ உறை போட்ட இரண்டு தலையணைகள். அன்று காலையில்தான் அண்ணி போன் செய்து, "என் ரோஜாப்பூத் தலையணை ரெண்டைக் காணோம், உங்க வீட்டுக்கு வந்துச்சா?" என்று கேட்டிருந்தார்.

அடப்பாவி! ஊரைக் கூட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் குழாயை மூடிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்காரப் போனான். முட்டி டக்கென்று சத்தம் போட்டது. அவன் முகம் சுருங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை இறக்கி உட்கார்ந்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முட்டியைத் தேய்த்தான். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளியே சொன்னால் என் வீட்டுக்காரர் பயந்துவிடுவார், திட்டம் அன்றோடு முடியும். திட்டம் முடிந்தால் எனக்கு ஏது ஏரி?

ஜிப்பை இழுத்து மூடி, பையை இரண்டு கையாலும் முக்கி முனகித் தூக்கி அவன் பக்கத்தில் வைத்தேன். "அப்பாடி! என்ன கனம் அண்ணே!"

"எல்லாம் பழக்கம்தான்" என்றான், கூச்சமே இல்லாமல்.

என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்ததும் தீர்ப்புச் சொன்னான். "சரி, பொடிசும் வரட்டும். ஆனா தூண்டில் ரெண்டுதான் இருக்கு. நானும் மாப்பிள்ளையும் பிடிப்போம். நீ கரையில உக்காந்து வேடிக்கை பாரு."

"என்னோடதை வேணும்னா கொஞ்ச நேரம்..." என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

"மாப்பிள்ளை! மலையில கடன் உண்டா?"

"இல்லை மச்சான்."

சரிடா அண்ணா, உன் சட்டமே உனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கார் என் வீட்டு வாசலில் நின்றதால், அண்ணன் தன் பையை என் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பக்கவாட்டில் தூண்டில் வைக்கிற நீளக் குழாயைக் கட்டியிருந்தான். அவன் தலை மறைந்ததும் பையைத் தூக்கிப் பார்த்தேன். அசைவேனா என்றது. கூடாரம், அடுப்பு, டின்கள், எல்லாம் நிஜம். மலையில் போய்த் தலையணையை விரித்துக் காட்ட முடியாது அல்லவா, அதனால் நிஜமாகவே சுமக்கத் துணிந்துவிட்டான், பைத்தியக்காரன். முதல் ஏற்றத்திலேயே அந்த முட்டி போய்விடும்.

நேரே அண்ணியிடம் போனேன். அண்ணி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். பின்னால் எந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று திரும்பாமலே சொல்லிவிடுவார்.

"அண்ணி, அந்த ரோஜாப்பூத் தலையணை ரெண்டும் வேணும். வந்ததும் திருப்பிக் குடுத்துடறேன்."

"ஏன் எல்லாரும் என் தலையணை மேலயே கண்ணா இருக்கீங்க?" என்று முறைத்தார். என் முகத்தைப் பார்த்தார். தலையணையோடு ஒரு முட்டிவலித் தைலத்தையும் கையில் வைத்து, "இதையும் வெச்சுக்கோ. நான் குடுத்தேன்னு சொல்லாதே" என்றார்.

கூடாரமும் அடுப்பும் என் பைக்கு வந்தன. டின்கள் எல்லாம் வீட்டுக்காரர் பைக்குப் போயின. அண்ணன் பையில் அவன் துணியும் போர்வையும், மிச்சத்துக்கு ரோஜாப்பூவும். குழாயைத் திறந்து, நான்கு துண்டாகக் கழற்றி வைத்திருந்த தூண்டிலை உருவி என் ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டேன். காலிக் குழாய் கனமில்லாமல் தெரியுமே என்று சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். மரக்கரண்டி கண்ணில் பட்டது. துணி சுற்றிச் செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

காலையில் அண்ணன் வந்து பையைத் தூக்கினான். ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். நான் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன், கட்டி முடித்த லேஸைத்தான். பிறகு பையை முதுகில் மாட்டிக்கொண்டான். என் வீட்டுக்காரர்தான் தன் பையைத் தூக்கிவிட்டு, "என்னம்மா இது, நேத்தைக்கு இவ்வளவு இல்லையே?" என்றார்.

"எல்லாம் உங்க உப்புதான்" என்றேன்.

மலையில் அண்ணனைப் பார்க்க வேண்டுமே! கையை வீசிக்கொண்டு முன்னால் போவான். திருப்பத்துக்குத் திருப்பம் பாறையில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருப்பான், போய்ச் சேர்ந்ததும் பாடம் எடுப்பான். "மூச்சை மூக்கால இழுக்கணும் மாப்பிள்ளை." "பொடிசு, நீ தேவையில்லாததை எல்லாம் அள்ளிட்டு வந்திருக்கே. மலைக்கு வரும்போது எது வேணும், எது வேண்டாம்னு தெரியணும்." அவனுடைய கூடாரத்தின் கம்பி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. வாயில் வந்ததை எல்லாம் விழுங்கினேன். பின்னால் வீட்டுக்காரர், "என் கரண்டியை எங்கயோ விட்டுட்டேன்மா" என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார்.

மலை முதுகைத் தாண்டியதும் ஏரி தெரிந்தது. சுற்றிலும் பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர், அங்கங்கே மீன் வாய் வைத்த வட்டங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் அவ்வளவு வலி, அதுவும் ஒரு காரணம்.

அண்ணன் கரையில் நின்று, கோயில் கதவைத் திறக்கிற மாதிரிக் குழாயின் மூடியைத் திருகினான். கவிழ்த்தான். மரக்கரண்டி வந்தது.

"என் கரண்டி!" என்று என் வீட்டுக்காரர் பாய்ந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மச்சான், எனக்காக நீங்களே சுமந்துட்டு வந்தீங்களா?" அப்படியே அடுப்புக் கல் தேடிக் கிளம்பிவிட்டார். நல்லவேளை.

அண்ணன் பையின் ஜிப்பை இழுத்தான். ரோஜாப்பூ பிதுங்கியது. நான் என் பையிலிருந்து கூடாரத்தை எடுத்து வைத்தேன், அடுப்பை எடுத்து வைத்தேன். கடைசியாக ஸ்வெட்டரைப் பிரித்து, அவன் கண் முன்னாலேயே தூண்டிலின் நான்கு துண்டையும் மாட்டி, நூல் கோத்து, என் கையால் கட்டிய ஈயை முடிச்சுப் போட்டேன்.

"சுமந்தவருக்கே சொந்தம். உன் சட்டம்தானே அண்ணே?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உனக்கு எப்போ தெரியும்?"

"மொட்டைமாடியிலேயே. உன் பை காத்துல உருண்டு போச்சு, நான்தான் காலால தடுத்தேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "காலையில தூக்கும்போது லேசாத்தான் இருந்துச்சு. ரெண்டு வாரமாப் படியேறிப் பழகினேனா, உடம்பு தேறிடுச்சுன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான், எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்துவிட்டேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் முட்டியைத் தடவியபடி, "பாதி வழியில நின்னுடுவேனோன்னு பயம் பொடிசு. மாப்பிள்ளை பார்த்தாக்கூடப் பரவால்ல, நீ பார்த்துடக்கூடாதுன்னு இருந்துச்சு. அதான் வராதேன்னேன்" என்றான்.

அழுதால் அவன் ஜெயித்துவிடுவான். அதனால் ஒரு தலையணையைப் பாறைமேல் போட்டேன், இன்னொன்றை முதுகுக்கு வைத்தேன், தைலத்தை மடியில் போட்டேன். "உக்காரு. இதெல்லாம் நீ சுமந்தது, உனக்கே சொந்தம். தைலம் மட்டும் நான் கொண்டு வந்தது, போனாப் போகுது."

தண்ணீர் ஓரம் போய் வீசினேன். பின்னால் இருந்த புதரில் மாட்டியது.

"மணிக்கட்டை மடக்காதே! முழங்கையை ஒட்டி வை!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"வேடிக்கை பாருண்ணே!"

சத்தம் நின்றது. மறுபடி வீசினேன். எதிரே தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்தது. கடைசி வரி, இடதிலிருந்து மூன்றாவது எழுத்து என்று நினைத்துக்கொண்டேன். நூல் நீண்டு போயிற்று. ஈ இறங்கி உட்கார்ந்தது. தண்ணீர் பிளந்தது, கம்பு வளைந்தது.

"விடாதே பொடிசு! விடாதே, விடாதே!" என்று முட்டியை மறந்து எழுந்து நின்று கத்தினான் என் அண்ணன். ரீலைச் சுற்றிச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தபோது என் கை நடுங்கியது. நடுங்காத கை என்று பெயர் வாங்கிய கை. என் முழங்கை நீளத்துக்கு ஒரு ட்ரவுட், புள்ளி புள்ளியாக. மீனைத் தூக்கி அவனுக்குக் காட்டினேன். என்னைவிட அவன்தான் அதிகமாகப் பல்லைக் காட்டினான்.

மீனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணன் மறுபடி தலையணையில் உட்கார்ந்திருந்தான். தண்ணீரைப் பார்த்தான், கம்பைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒரே ஒரு தரம் குடேன்" என்றான்.

"மலையில கடன் கிடையாது."

அவன் தலையாட்டினான். சட்டம் போட்டவன், என்ன பேசுவான்? தலையணையைச் சரி செய்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, நிஜமாகவே வேடிக்கை பார்க்கத் தயாரானான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கம்பை அவன் மடியில் வைத்தேன்.

"தாகமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் சுமந்துட்டு இரு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முட்டியில் கையூன்றி எழுந்தான். நான் அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் வெறும் தம்ளரை எட்டிப் பார்த்து, "இன்னும் வேணுமாம்மா?" என்று கேட்டார்.

"ஊத்துங்க" என்றேன்.